கோமாளிக்கு விட்ட இடம்

ஜனவரி 6

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. அப்பாவின் காரியம் முடிந்து பேருந்து நிறுத்தத்தில் பிரியும்போது, "போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது" என்று சொன்னேன். நீ போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. யாராவது ஒருத்தர் முதலில் எழுதித்தானே ஆகவேண்டும்? கோமாளிக்கு ரோஷம் கிடையாது என்று நானே பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இனிமேல் எந்த நாடகக் குழுவும் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஆடக் கூடாதாம். முழு நாடகத்தையும் எழுதிக் கொடுத்தால், ஒரு குழு படித்துப் பார்த்து, ஆபாசமான இடங்களை அடித்துவிட்டு முத்திரை குத்தித் தருமாம். அந்த அலுவலகத்தில் முதலில் படிக்கிற மேசை உன்னுடையது என்று நோட்டீஸ் அடிக்கும் அச்சகக்காரர் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அப்பாவின் நாடக நோட்டு உனக்குத் தெரியும். ராஜா பேசுவது, ராணி பாடுவது, மந்திரி இருமுவது வரை அதில் இருக்கும். கோமாளி வருகிற இடத்தில் மட்டும் "கோமாளி வருகிறான்" என்று எழுதி, கீழே அரைப் பக்கம் வெறும் தாளாக விட்டிருப்பார். முன்வரிசையில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கோமாளி வாயைத் திறப்பான். அதை முன்கூட்டி எழுத முடியாது. இருபத்தாறு வருஷமாக அந்த வெறும் தாளில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இப்போது அதையும் எழுதித் தரச் சொல்கிறார்கள்.

எழுதிவிட்டேன். மூன்று வாரம் ஆனது. பேசும்போது கூசாத வாய்தான். எழுதும்போது கை கூசுகிறது. உன் அண்ணி அந்தப் பக்கம் வந்தால் நோட்டை மூடிவிடுவேன். "இந்த வயசுல யாருக்கு லவ் லெட்டர் எழுதறீங்க?" என்று கேட்டாள். அவளிடம் என்னவென்று சொல்ல?

எதையும் விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறேன். அறுபத்தொரு பக்கம். குழுவில் பதினோரு பேர் இருக்கிறோம். ஒருத்தருக்கும் வேறு வேலை தெரியாது. உன் சிவப்புப் பென்சில் கொஞ்சம் பார்த்து நடக்கட்டும்.

அண்ணன்

ஜனவரி 20

அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும், அதற்கு இரண்டு நாள் முன்பே உங்கள் நோட்டும் வந்து சேர்ந்தன. நோட்டு இப்போது நூற்றுப் பதினாலாம் எண் கோப்பு. மற்ற கோப்புகளைப் படிப்பதுபோலத்தான் இதையும் படிப்பேன். உறவைச் சொல்லிச் சலுகை கேட்பதாக இருந்தால் இனி எழுத வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் போட்டிருப்பது என் அண்ணன் என்று இங்கே யாருக்கும் தெரியாது. நான் எந்தத் தெருவில் பிறந்தேன் என்பதும் தெரியாது. அப்பா என்ன செய்தார் என்று கேட்டவர்களிடம் வாத்தியார் என்றேன். ஊரே அவரை நாடக வாத்தியார் என்றுதானே கூப்பிட்டது? பாதியைச் சொன்னேன், மீதியைச் சொல்லவில்லை. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பெண்களின் உடம்பைப் பற்றிய பேச்சு எதுவும் என் மேசையைத் தாண்டிப் போகாது. அதில் எனக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். இருக்கிறது.

பதினெட்டு வருஷமாக நம் வீட்டில் யாரும் பேசாத ஒன்றை நான் எழுதுகிறேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். நம் குழுவில் ஆடுகிறவள், சலங்கை என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த ஆட்டக்காரி, மேடைப் பலகை இடுக்கில் கால் மாட்டிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். மறுநாள் சந்தைத் திடலில் பிற்பகல் ஆட்டம். "ஒரு நாள்தாம்மா, பாட்டெல்லாம் உனக்குத் தெரியுமே" என்றார் அப்பா. நான் முடியாது என்றேன். அப்போது நீங்கள் வந்து என் தலையில் கை வைத்து, "உன்னப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். பாட்டு, ஆட்டம், அதோட சரி" என்றீர்கள். அதை நம்பித்தான் ஏறினேன்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் நீங்கள் என் உடம்பைப் பற்றி ஒரு வரி சொன்னீர்கள். நல்ல வெயில் நேரம். சிரித்தவர்களின் முகம் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. முன்வரிசையில் பெரிய தெருக்காரர் ஒருவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் பயிற்சிப் பள்ளிக்குத் திரும்புவதற்குள் அந்த வரி எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு வருஷம் என் பின்னால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "வாய்ப் பழக்கம்மா, தவறி வந்துடுச்சு" என்று அப்பாதான் சொன்னார். நீங்கள் அன்று எதுவும் சொல்லவில்லை. அதன்பிறகும் சொல்லவில்லை.

அந்த வரி உங்கள் நோட்டில் இருக்கிறது. பதினேழாம் பக்கம். அதைப் படிப்பது இப்போது என் உத்தியோகம்.

தங்கை

பிப்ரவரி 2

தங்கச்சிக்கு,

நீங்கள், உங்கள் என்று மரியாதை கொடுத்து எழுதியிருக்கிறாய். அப்பாவைக்கூட நீ வா போ என்றுதான் கூப்பிட்டாய். எனக்கு ஏதோ வேற்று ஆளுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டது மாதிரி இருந்தது.

பதினேழாம் பக்கத்தைப் பற்றி. மேடையில் பேசுவது எதையும் மறைக்கக் கூடாது என்று விண்ணப்பத்தில் அச்சடித்திருந்தது. நீ படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அது இன்னும் கேவலம் என்று பட்டது. அன்றைக்கு நடந்தது வாய்ப் பழக்கம்தான். எதிரே நிற்பது யார் என்று மனசில் பதிவதற்குள் வந்து விழுந்துவிட்டது. இதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்கு வராது, விட்டுவிடு.

ஆனால் மற்றதைப் பற்றி நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. ஆபாசம் ஆபாசம் என்று நோட்டீஸில் ஒன்பது தடவை எழுதியிருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். நாலாம் பக்கத்தைப் படித்தாயா? கோமாளி செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு வருவான். ஏண்டா என்று ராஜா கேட்பார். "பெரிய தெரு வழியா வந்தேங்க. கால்ல போடக் கூடாதுன்னாங்க. தலையில போடக் கூடாதுன்னு யாரும் சொல்லல" என்பான். இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது? இதைப் பெரிய தெரு ஆட்களின் முகத்துக்கு நேரே சொல்கிறேன். சொல்லிவிட்டு உயிரோடு வீட்டுக்கு வருகிறேன். எப்படி வருகிறேன் என்று நினைக்கிறாய்? சொன்ன கையோடு ஒரு பச்சையான வார்த்தையை எடுத்து விடுவேன். முன்னால் சொன்னது அவர்களுக்கு உறைப்பதற்குள் அடுத்ததற்குச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கெட்ட வார்த்தைதான் எனக்குக் கவசம். அதைக் கழற்றிவிட்டால் நான் செருப்போடு நிற்கும் வெறும் ஆள். அடுத்த நாள் நம் தெருவுக்கு ஆள் வரும்.

முப்பத்தொன்றாம் பக்கத்தையும் ஒரு தடவை பொறுமையாகப் படி. ஆட்டக்காரி ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்வாள்: "பகல்ல என் நிழல் பட்டாக்கூட அந்த ஐயா குளிப்பாரு. சாயங்காலம் என் வாசலுக்கு வரும்போதும் குளிச்சுட்டுத்தான் வருவாரு. எப்படிப் பாத்தாலும் சுத்தக்காரரு." இதில் எது ஆபாசம், அவள் சொன்னதா, அந்த ஐயா செய்ததா?

நம் தெருவில் பிறந்தவர்கள் அவர்களைப் பார்த்து வாய் திறக்க இருப்பது இந்த ஒரு மேடைதான். உனக்குப் படிப்பு இருக்கிறது, மேசை இருக்கிறது, உத்தியோகம் இருக்கிறது. உன் அண்ணனுக்கு அந்த அரைப் பக்கம்தான். அடிக்கும்போது அதையும் நினைத்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 11

அண்ணனுக்கு,

நூற்றுப் பதினாலாம் எண் கோப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது. திருத்திய பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

முப்பத்தெட்டு இடங்களை நான் அடித்தேன். எல்லாம் பெண்களைப் பற்றியவை. உன் கவசம் என்று எழுதியிருந்தாய். அந்தக் கவசம் எதனால் செய்தது என்று யோசித்துப் பார்த்தாயா? சலங்கையின் உடம்பால் செய்தது. ஒரு நாள் என்னுடையதாலும். நீ அடி வாங்காமல் இருக்க நாங்கள் முன்னால் நின்றோம். பெரிய தெருக்காரர் தொடையில் அடித்துச் சிரித்தது செருப்புக்கு இல்லை, எங்களுக்கு. நீ சொன்ன செருப்பு அந்தச் சிரிப்பில் காணாமல் போயிருக்கும். அதில் உனக்குக் கொஞ்சமும் சந்தேகமே வந்ததில்லையா?

முப்பத்தொன்றாம் பக்கத்தையும் அடித்தேன். ஆட்டக்காரியின் வாசலுக்கு யார் வந்துபோனார்கள் என்பதை ஊர் கூட்டிச் சிரிக்க வைப்பது அவளுக்குச் செய்கிற மரியாதை இல்லை.

செருப்பு வரிக்கு நான் சரி என்று குறி போட்டுத்தான் மேலே அனுப்பினேன். அதையும் அதுபோன்ற இன்னும் பத்து இடங்களையும் எங்கள் அனுமதிக் குழுவின் தலைவர் அடித்துவிட்டார். "சாதி துவேஷம்" என்று ஓரத்தில் எழுதியிருப்பது அவருடைய கையெழுத்து. கோமாளி இல்லாமல் நாடகம் இருக்க முடியாது என்பதால், அந்த இடங்களுக்கு அலுவலகத்திலேயே வேறு வசனம் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். கீழே என் கையொப்பமும் இருக்கும். அது நடைமுறை. என்னால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

பதினோரு பேரின் பிழைப்புக்கு இனி ஆபத்தில்லை.

தங்கை

ஏப்ரல் 15

தங்கச்சிக்கு,

அனுமதி பெற்ற முதல் நாடகம் முடிந்தது. சந்தைத் திடலில் இல்லை. நகர மண்டபத்தில், மின்விசிறிக்கு அடியில், பிற்பகல் மூன்று மணிக்கு. உன் தலைவர் முன்வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். நல்ல நிறமாக, களையாக இருக்கிறார். நம் தெருக்காரர்கள் ஆறேழு பேர் வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றார்கள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. யாரும் தடுக்கவும் இல்லை. பழக்கதோஷம்.

நான் நாலு தடவை மேடைக்கு வந்தேன். உங்கள் அலுவலகம் எழுதிக் கொடுத்ததைப் பேசினேன். "சகோதரர்களே, நாள்தோறும் நீராடுங்கள். நகத்தை வெட்டுங்கள். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்." முகத்தில் வெள்ளையும் சிவப்பும் பூசிக்கொண்டு, கூம்புத் தொப்பியோடு நின்று சுகாதார அதிகாரி மாதிரி பேசுகிறேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. இறங்கி வந்ததும் ஆர்மோனியக்காரர், "கோமாளி, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவர் கேலிக்குக் கேட்கவில்லை.

கடைசியில் கைதட்டல் பலமாக இருந்தது. தலைவர் மேடையேறி, இது இப்போது கௌரவமான கலை ஆகிவிட்டது, இனி யாரும் தயங்காமல் குடும்பத்தோடு பார்க்கலாம், படித்தவர்களும் நடிக்கலாம் என்று பேசினார். அவர் சொன்னதன் அர்த்தம் அடுத்த வாரம் புரிந்தது. பெரிய தெரு வாலிபர்கள் நாலு பேர் வந்தார்கள். நாடக மன்றம் தொடங்கியிருக்கிறார்களாம். பிரதியைக் கேட்டார்கள். அது பொதுச்சொத்து, முத்திரை குத்தியது, கொடுத்துத்தான் ஆகவேண்டும். கோமாளி வேஷத்துக்கு அவர்களில் ஒருவனே பேசிக் காட்டினான். என்னைவிட நன்றாக இருந்தது. நகத்தை வெட்டுங்கள் என்பதை அவன் மனசாரச் சொன்னான்.

இனி மண்டபத்தில் ஆடப்போவது அவர்கள்தானாம்; எனக்குத் திரை இழுக்கிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சலங்கைக்கு அதுவும் இல்லை. மன்றத்தில் ஆட்டக்காரி வேஷம் வேண்டாமாம். கௌரவமான கலை ஆயிற்றே.

அவளிடம் நானே போய்ச் சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "உன் தங்கச்சி எனக்காக அடிச்சுதாம், நீ எனக்காகச் சண்ட போட்டியாம். ரெண்டு பேரும் நல்லா எழுத்துப் படிச்சவங்க. என்ன ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றவர்களில் நம் எதிர்வீட்டுப் பெரியப்பா ஒருவர். வெளியே வரும்போது, "நல்லா இருந்துச்சுப்பா, ஆனா நீ எப்ப வந்தே?" என்று கேட்டார். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அண்ணன்

மே 8

அண்ணா,

உன் கடிதம் வந்த மறுவாரம் சலங்கை இங்கே வந்தாள். நீ அனுப்பினாயா என்று கேட்டேன். யாரும் அனுப்பவில்லை என்றாள்.

மதிய நேரம். வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "சிவப்புப் பென்சில்ல அடிச்ச அம்மா எது?" என்று காவலாளியிடம் கேட்டிருக்கிறாள். அவர் என்னைக் காட்டினார். நான் அவளை என் மேசைக்கு அழைத்துப் போகவில்லை. கையைப் பிடித்துப் பின்கட்டு வழியாகச் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப் போனேன். உடன் வேலை செய்கிறவர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று. அவளுக்குப் புரிந்துவிட்டது. நொண்டிக்கொண்டே என் கூட வந்தாள். அந்தக் கால் இன்னும் சரியாகவில்லையா என்று அப்போதுதான் கேட்டேன். எவ்வளவு நல்ல கேள்வி, பதினெட்டு வருஷம் கழித்து.

அவள் சண்டை போடவில்லை. "உங்க அண்ணன் பேசினதையெல்லாம் அடிச்சீங்களே, அதுக்கு உங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடணும். மேடையில நின்னு சிரிச்ச முகமா அதைக் கேக்கறது எனக்குத்தான் தெரியும். ஆனா சுத்தக்காரர் வரிய ஏம்மா அடிச்சீங்க? அது உங்க அண்ணனோடது இல்ல. அது என்னோடது. அந்த ஐயா யாருன்னு ஊருக்கே தெரியும். அவரு முன்வரிசையில இருக்கும்போது, அவரு கண்ணப் பாத்து நான் சொல்லுவேன். வருஷத்துக்கு ஒரு தடவ. அந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த நாளெல்லாம் ஆடினேன்" என்றாள்.

நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் வாயைப் பொத்தியிருக்கிறேன். அண்ணா, அந்தச் சைக்கிள்களுக்கு நடுவில் நின்று நான் அழுதேன். அவள் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

மார்ச் மாதக் கடிதத்தில் என்னால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை என்று எழுதினேன். அது உண்மையில்லை. நடந்ததைச் சொல்கிறேன். தலைவர் தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டு, செருப்பு வரியைக் காட்டி, "இத நீங்க எப்படிம்மா விட்டீங்க?" என்று கேட்டார். அதில் ஆபாசம் இல்லையே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அந்தத் தெரு ஆளுங்க வாயில இதெல்லாம்தான் வரும். நாமதான் கழுவி எடுக்கணும்" என்றார். நாம் என்றார். என்னையும் சேர்த்துக்கொண்டார். நான் தலையாட்டினேன். மாட்டேன் என்றிருந்தால் காரணம் கேட்டிருப்பார். காரணத்தைச் சொன்னால் தெரு தெரிந்துவிடும். அது ஒன்று. இன்னொன்று, கையொப்பம் போடும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. உன் அரைப் பக்கம் போகிறது என்று தெரிந்துதான் போட்டேன். பதினேழாம் பக்கத்துக்குப் பதில் இது என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அது என் குரல்தான்.

போன திங்கட்கிழமை தலைவரிடம் போனேன். நூற்றுப் பதினாலாம் எண்காரர் என் அண்ணன், நானும் அந்தத் தெருதான், அடித்த வரிகளில் பன்னிரண்டை மறுபடியும் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் முகம் மாறவே இல்லை. மிகவும் மரியாதையாக, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். மறுநாள் என்னைப் பதிவேட்டு அறைக்கு மாற்றி உத்தரவு வந்தது. ஜன்னல் இல்லாத அறை. பழைய கோப்புகளுக்கு எண் ஒட்டுகிறேன். மதியம் கூடச் சாப்பிடுகிறவர்கள் இப்போது இடம் மாறி உட்காருகிறார்கள். முத்திரை குத்திய பிரதி அப்படியேதான் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், உன்னிடம் நான் கோபித்துக்கொண்ட வருஷங்களை நினைத்து வெட்கமாக இருக்கிறது. உனக்கு வாய் தவறியது. ஆயிரம் மேடையில் சொன்ன வார்த்தை, ஆள் யாரென்று பார்ப்பதற்குள் வந்துவிட்டது. நான் செய்தது அப்படி இல்லை. யாருடைய நோட்டு, யாருடைய வரி என்று தெரிந்து, நிதானமாகப் பேனா எடுத்துப் போட்டேன். தவறிப் பேசியவனைத் தெரிந்து செய்தவள் தண்டிக்க முடியாது. பதினேழாம் பக்கத்தை நான் மன்னித்துவிட்டேன் அண்ணா. மனசாரச் சொல்கிறேன். உன்னால் முடிந்தால் நீயும் என்னை.

உன் தங்கை

மே 30

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். உன் அண்ணி துவைக்கப் போடும்போது எடுத்துக் கொடுத்து, "பதில் எழுதினீங்களா?" என்று கேட்கிறாள். எழுதுகிறேன், எழுதுகிறேன் என்கிறேன்.

நீ போட்ட கையொப்பத்தை நான் மன்னிப்பதா? எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இருந்திருந்தால் முதல் வரியிலேயே மன்னித்திருப்பேன். பன்னிரண்டு வரிக்காக ஜன்னல் இல்லாத அறைக்குப் போயிருக்கிறாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

சலங்கைக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். கடைசிப் பகுதியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். நீ மன்னித்துவிட்டதாக எழுதியிருந்த இடத்தை. பிறகு, "நீ என்ன எழுதப் போற?" என்றாள். நன்றி என்று எழுதுவேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முன்னால் நிற்கிறது. "அன்னிக்கு நான் கட்டுப் போட்ட காலோட படுதா ஓரத்துலதான் உக்காந்திருந்தேன். உன் மூஞ்சிய எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு மணி நேரம் பேசினேன், அதை மட்டும் சொல்லல. அதை நீதான் சொல்லணும்" என்றாள்.

சொல்கிறேன்.

அன்றைக்குக் கூட்டம் சரியில்லை. புதுப் பெண் ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டுப் பெரிய தெருவிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். உன் பாட்டு நன்றாக இருந்தது. அவர்கள் பாட்டுக் கேட்க வரவில்லை. செருப்பு வரியைச் சொன்னேன். முன்வரிசைக்காரர் கொட்டாவி விட்டார். வழக்கமாகப் பின்னால் ஒட்டுகிற பச்சை வார்த்தையை உனக்காக அன்று தவிர்த்திருந்தேன். அதனால் செருப்பு அவர்களுக்கு நன்றாகவே உறைத்தது. முகங்கள் இறுகுவதைப் பார்த்தேன். இன்னொன்று சொன்னேன், அதுவும் எடுபடவில்லை. அந்த முன்வரிசைக்காரர் காலை நீட்டிக்கொண்டு, "அவ்வளவுதானா? பொண்ணு எதுக்கு நிக்குது?" என்று கேட்டார். அப்பா ஆர்மோனியத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஏதாவது செய் என்கிற பார்வை.

நான் உன் பக்கம் திரும்பினேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். பயந்துபோய்த்தான் இருந்தாய், ஆனாலும் சிரித்தாய். அண்ணன் பக்கத்தில் இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்கிற சிரிப்பு. மூன்று எண்ணுகிற நேரம் அந்த வார்த்தை என் வாய்க்குள் இருந்தது. விழுங்கியிருக்கலாம். எதிரே நிற்பது யார் என்று எனக்குத் தெரிந்தது. தலையில் கை வைத்துச் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

இன்னும் இருக்கிறது. அவர்கள் சிரித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. உன் முகத்தை அப்புறம்தான் பார்த்தேன். தவறி வந்தது என்று அப்பா சொன்னதும் பிடித்துக்கொண்டேன். சொல்லிச் சொல்லி, சில சமயம் நானே நம்பிவிட்டேன்.

பிப்ரவரியில் உனக்குப் பெரிதாக எழுதினேன், கெட்ட வார்த்தை கவசம் என்று. பெரிய தெருவின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லத்தான் அதைப் போட்டிருக்கிறேன் என்று. மற்ற நாளில் அது உண்மையாக இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அதற்குள் எதுவும் இல்லை. நம் தெருப் பெண் ஒருத்தி வேண்டும் என்று பெரிய தெரு கேட்டது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று மன்றக்காரர்களிடம் திரை இழுக்க வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சலங்கை தன் பெயரிலேயே ஒரு விண்ணப்பம் போடப் போகிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன். கோமாளி வேஷம் அதில் இல்லை. வேண்டுமா என்று நானும் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எதிர்பார்க்கவில்லை. வாய் தவறிய ஒருவனை நீ மன்னித்திருக்கிறாய். அப்படி ஒருவன் அன்றைக்கு அந்த மேடையில் இல்லை அம்மா. இருந்தது நான்தான்.

அண்ணன்